கொடுவாவும் பொய்யிரையும்

வலை வீசுகிறவன் நீரில் உள்ளதை எல்லாம் அள்ளிக்கொள்ள முயல்கிறான். தூண்டில் வீசுகிறவன் ஒரே ஒரு மீனை அழைக்கிறான். அந்த மீனுக்குப் பசி இருக்க வேண்டும். இவன் காட்டும் இரையில் நம்பிக்கை பிறக்க வேண்டும். உண்மையான இறாலையோ மடவைக் குஞ்சையோ முள்ளில் கோத்து இறக்கினால் மீனின் மூக்கே பாதி வேலையைச் செய்துவிடும். மரத்துண்டையும் ரப்பரையும் தகரத்தையும் காட்டி, அதுதான் உயிருள்ள இரை என்று ஒரு மீனை நம்பவைப்பது வேறு கலை. இக்கலையைப் பற்றியும், இதற்கு மிகவும் ஏற்றதாகிய கொடுவா மீனைப் பற்றியும், வாஷிக் கரையில் நெடுங்காலமாகத் தூண்டில் வீசி வருகிறவன் என்ற உரிமையில் நேயர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

தூண்டில் தமிழருக்குப் புதியதன்று. சூதாட்டத்தில் முதலில் கிடைக்கும் வெற்றியை, தூண்டில் இரும்பை இரையென்று எண்ணி மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஆசை காட்டி வீழ்த்தும் கருவி என்று தூண்டிலின் இயல்பை அவர் நன்கு அறிந்திருந்தார். பொய்யிரை என்பது அந்த ஆசை காட்டுதலைக் கடைசி எல்லைவரை கொண்டு சென்றதாகும். இதில் உண்ணத்தக்க பொருள் ஒரு துளியும் கிடையாது.

ஒரு மீன், பல பெயர்கள்

அமெரிக்க நாட்டில் பொய்யிரைத் தூண்டில் என்றவுடன் நினைவுக்கு வருவது பாஸ் என்னும் நன்னீர் மீன். அகன்ற வாயும் கொடிய பசியும் உடைய அந்த மீனை நாடி அங்கே பெரும் போட்டிகளே நடைபெறுகின்றன. அது நம் நாட்டு மீன் அன்று. ஆயினும் கடல் பாஸ் என்று ஆங்கிலேயர் பெயர் வைத்த மீன் ஒன்று நம் கரையெங்கும் உண்டு. அதுவே கொடுவா. இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை எனினும், மறைவில் பதுங்கியிருந்து பாய்ந்து இரை கொள்ளும் குணத்தால் ஒன்றுபட்டவை. ஆதலால் அங்கே பாஸ் மீனுக்குப் பயன்படும் நுட்பங்களுள் பல இங்கே கொடுவாவுக்கும் பொருந்தும்.

1790-ஆம் ஆண்டில் பிளாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இந்த மீனை முதன்முதலில் அறிவியல் முறையில் விவரித்தார். லேட்டஸ் கால்காரிபர் என்பது இன்று வழங்கும் அறிவியற்பெயர். பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் சந்தையில் இதை வேறு பெயர்களால் கேட்டிருப்பீர்கள். வங்காளத்தார் பேட்கி என்பர். ஆந்திரக் கரையில் பண்டுகப்பா. கேரளத்தில் காளாஞ்சி. கோவாவில் சோணக். மராட்டிய நாட்டில் ஜிதாடா. ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்று கொண்டாடுவதும் இதே மீனைத்தான். ஊர்தோறும் பெயர் மாறினாலும் மீன் ஒன்றே. ஆகவே ஒரு கழியில் கற்றுக்கொண்ட பாடம் மற்றொரு கழியிலும் பெரும்பாலும் உதவும்.

கொடுவா உவர்நீருக்கும் நன்னீருக்கும் நடுவே வாழும் மீன். உப்பு மிகுந்த கழிமுகத்திலும் கடலோரத்திலும் முட்டையிடும். குஞ்சுகள் கழிகளுக்குள்ளும் ஆறுகளுக்குள்ளும் ஏறி வளரும். முதிர்ந்த மீன் மீண்டும் கடல் நோக்கி இறங்கும். பழவேற்காட்டு ஏரி, பிச்சாவரத்து அலையாத்திக் காடு, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் போன்ற இடங்கள் இதற்கு உகந்தவை. மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையே கிடக்கும் தாணே உப்பங்கழியும் அத்தகையதே. 1973-இல் முதற்பாலம் திறக்கப்பட்டு வாஷி நகரமாக வளர்வதற்கு நெடுங்காலம் முன்னரே, கோலி மீனவர்களும் ஆக்ரி மக்களும் இக்கழியின் மீனை நம்பி வாழ்ந்தார்கள். இன்றும் வாஷிகாவ் என்னும் பழைய ஊர் அடுக்குமாடிகளின் நடுவே இருக்கத்தான் செய்கிறது.

முதலில் நீரைப் படிக்க வேண்டும்

கடைக்குச் சென்று பளபளக்கும் பொய்யிரைகளைப் பெட்டி நிறைய வாங்கிவிட்டால் மீன் கிடைக்கும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மீனைத் தருவது நீர். நீர் எப்போது ஓடுகிறது, எங்கே ஓடுகிறது என்பதை அறிந்தவனுக்கு ஒரே ஒரு பொய்யிரை போதும்.

மேற்குக் கரையில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றத்தை மராட்டியர் பர்த்தி என்றும், வற்றத்தை ஓஹோட்டி என்றும் சொல்வர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பேரேற்றம் உதாண். அட்டமியை ஒட்டி வரும் சிற்றேற்றம் பாங். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவைச் சுற்றியே நிற்கும். மும்பைக் கரையிலோ பேரேற்ற நாளில் நீர் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ தூண்டில் பழகி இங்கே வந்தவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாடு. காலையில் தோளளவு நீர் நின்ற இடம் நண்பகலில் வெறுஞ்சேறாகக் கிடக்கும்.

ஏற்ற நேரத்தை அறிய இக்கரை மீனவர்கள் ஓர் எளிய கணக்கை வைத்திருக்கிறார்கள். திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் நீர் முழுதும் ஏறிநிற்கும் மணி கிடைக்கும். சதுர்த்தி நான்காவது திதி. நான்கின் முக்கால் மூன்று. எனவே மூன்று மணி அளவில் நிறைநீர். அட்டமியன்று ஆறு மணி. துவாதசியன்று ஒன்பது மணி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி. காலை, மாலை இரண்டுக்கும் இக்கணக்கே. நிறைநீருக்குப் பிறகு ஆறு மணி நேரத்தில் நீர் முழுதும் வற்றும். மும்பைத் துறைமுகத்துக்கு உரிய இக்கணக்கிலும் கழியின் உட்புறத்தில் உள்ள வாஷியில் சற்றுப் பிந்தியே நீர் நிறையும். நாள்காட்டித் தாளில் திதி பார்க்காத தமிழ் இல்லம் அரிது. அந்தத் தாளே தூண்டிற்காரனுக்கும் வழிகாட்டி.

இனி, கொடுவா எங்கே நிற்கும்? நீர் ஏறும்போது மடவைக் குஞ்சுகளும் இறாலும் அலையாத்தி வேர்களின் நடுவே புகுந்து மேயும். வற்றத் தொடங்கியதும் அவை எல்லாம் சிறு வாய்க்கால்களின் வழியே கழிக்குத் திரும்பியாக வேண்டும். அவ்வாய்க்கால் கழியோடு கூடும் முனையில், ஓட்டத்தை எதிர்நோக்கித் தலையை வைத்து, ஏதேனும் ஒரு கல்லின் அல்லது வேரின் மறைவில் கொடுவா காத்து நிற்கும். இரையைத் தேடி அலைவதைவிட இரை வந்து சேரும் வாயிலில் நிற்பதே அதன் வழக்கம். ஆகவே வற்றம் தொடங்கியதிலிருந்து முதல் இரண்டு மணி நேரமே தூண்டிற்காரனுக்குப் பொன்னான பொழுது. பேரேற்ற நாள்களில் ஓட்டம் மிகுந்து சேறு கலங்கும். சிற்றேற்ற நாள்களில் நீர் தெளிந்தாலும் ஓட்டம் குறைந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களே எனக்குப் பெரிதும் பலன் தந்தவை.

சேற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தாணே கழியின் சேறு இடுப்புவரை இழுக்க வல்லது. வற்றிய நேரத்தில் உள்ளே நடந்து சென்றவர் ஏறும் நீருக்கு நடுவே அகப்பட நேரிடும். கட்டிய கரையிலும் படித்துறையிலும் நின்று வீசுவதே அறிவுடைமை. பாலங்களின் மேல் நின்று வீசுதல் தமக்கும் பிறர்க்கும் ஆபத்து.

பொய்யிரையின் உட்பொருள்

பின்லாந்து நாட்டில் லவுரி ரபாலா என்னும் ஏழை மீனவர் இருந்தார். படகில் இருந்தபடியே பெருமீன்கள் வேட்டையாடுவதை அவர் கவனித்தார். கூட்டமாகச் செல்லும் சிறுமீன்களுள் நலமாக நீந்துவனவற்றை விட்டுவிட்டு, காயம்பட்டுத் தடுமாறும் ஒன்றையே பெருமீன் பாய்ந்து கவ்வியது. அந்தத் தடுமாற்றத்தைச் செய்துகாட்டும் ஒரு பொருளைச் செதுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்கலேட் சுற்றிய மினுக்குத் தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி அதன்மேல் பூசினார். நீரில் இழுத்தபோது அது இருபுறமும் நெளிந்து நொண்டிச் சென்றது. இன்று உலகெங்கும் விற்கப்படும் எத்தனையோ பொய்யிரைகளுக்கு அந்தத் தக்கை மீன் முன்மாதிரி.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. பொய்யிரையின் உயிர் அதன் நிறத்திலும் கண்ணிலும் செதிலிலும் இல்லை. அதன் நடையில் இருக்கிறது. கடையில் பார்ப்பதற்கு அழகாக இருப்பது மனிதனைப் பிடிப்பதற்காக. நீரில் தடுமாறுவதே மீனைப் பிடிக்கும்.

நம் கழிகளுக்கு மூன்று வகை போதும். முதலாவது, முகத்தில் நாக்குப் போன்ற தகடு பொருத்திய மீன் வடிவம். இழுக்கும்போது நீர் அத்தகட்டில் மோதி அதைக் கீழே அமிழ்த்தி நெளியச் செய்யும். பாறையும் கல்லும் உள்ள ஓரங்களுக்கு இது ஏற்றது. இரண்டாவது, ஈயத் தலையுள்ள முள்ளில் கோத்த ரப்பர் மீன் அல்லது ரப்பர் இறால். தரையைத் தொட்டுத் தொட்டுத் துள்ளவிடலாம். வாய்க்கால் முனைகளில் இதற்கு இணை இல்லை. மூன்றாவது, குழிந்த முகத்துடன் நீர்மட்டத்தில் மிதந்து, சுண்டி இழுத்தால் குளுக்கென்று ஒலி எழுப்புவது. காற்று அடங்கிய விடியற்காலையிலும் அந்தியிலும் இதை வீச வேண்டும்.

நிறத்தைப் பற்றிப் பெரிதாக வாதிடுவதற்கு ஒன்றும் இல்லை. நீர் தெளிவாக இருந்தால் வெள்ளியும் வெளிர்பச்சையும் மடவைக் குஞ்சுபோல் தோன்றும். தாணே கழியின் நீர் பெரும்பாலும் கலங்கலே. கலங்கிய நீரில் கருமையான பொய்யிரை வானொளிக்கு எதிரே நிழலாகத் தெளிவாகத் தெரியும். மேலும், உடலின் இருபுறமும் ஓடும் உணர்கோட்டினால் கொடுவா நீரின் அதிர்வை அறிகிறது. ஆதலால் உள்ளே குண்டு வைத்துக் கலகலக்கும் பொய்யிரையும், வாலை அடித்து நீரை அதிரவைக்கும் ரப்பர் மீனும் கலங்கலில் நன்கு பயன்படும்.

நிறுத்தத்தின் நுட்பம்

புதியவர் பலரும் பொய்யிரையை வீசியவுடன் ஓயாமல் சுற்றி இழுத்துவிடுவார்கள். காயம்பட்ட மீன் அப்படி ஓடுவதில்லை. சிறிது துடிக்கும்; ஓயும்; மறுபடியும் துடிக்கும். பொய்யிரையையும் அவ்வாறே நடத்த வேண்டும். இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முறை சுண்டி, பின்பு நிறுத்த வேண்டும். மனத்துக்குள் மூன்று எண்ண வேண்டும். கொடுவா அடிப்பது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான். இழுக்கும்போது அது பின்தொடர்ந்து வந்து பார்க்கிறது. நின்றவுடன், இனி இது தப்பாது என்று துணிகிறது. பொறுமை என்று பெரியோர் சொல்லும் குணம் இங்கே மூன்று எண்ணும் நேரமாக அமைகிறது.

கொடுவா இரையைக் கடிப்பதில்லை. வாயைத் திடீரென்று அகலத் திறந்து நீரோடு உறிஞ்சிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் அப்படி உறிஞ்சும் ஓசை இரவில் நெடுந்தூரம் கேட்கும். அதன் வாய் எலும்பு மிகுந்தது. முனை மழுங்கிய முள் அதில் தைக்காது. எனவே முள்ளை அடிக்கடி தீட்டிக்கொள்ள வேண்டும். தைத்தவுடன் மீன் நீரைவிட்டு எழும்பித் தலையை உதறும். அந்த வேளையில் கோலைச் சற்றுத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்த வேண்டும். விறைப்பாக வைத்தால் முள் கழன்றுவிடும். மீன் நீரில் விழுந்ததும் மீண்டும் இறுக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழடிக் கோல் ஒன்று; பத்துக் கிலோ எடை தாங்கும் பின்னல் நூல்; அதன் முனையில் ஒரு கெஜ நீளத்துக்கு இருபது கிலோ தாங்கும் தடித்த நைலான் நரம்பு. இந்தத் தடித்த முன்னரம்பு இன்றியமையாதது. கொடுவாவின் பற்கள் அரம்போல் சொரசொரப்பானவை. செவுள்மூடியின் விளிம்போ கத்தி போன்றது. மெல்லிய நரம்பை ஒரே அசைவில் அறுத்துவிடும். கையையும் அறுக்கும். ஆதலால் செவுளுக்குள் விரலை நுழைத்துத் தூக்கக் கூடாது.

எதை விடுவது?

தூண்டிற்காரனின் அறிவு எதைப் பிடித்தான் என்பதைவிட எதைத் திரும்ப விட்டான் என்பதில் தெரியும். கொடுவாவின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு இது தெளிவாக விளங்கும்.

இந்த மீன் பெரும்பாலும் ஆணாகவே முதிர்கிறது. மூன்று நான்கு ஆண்டுகள் வளர்ந்து ஆணாக இனப்பெருக்கத்தில் ஈடுபட்ட பின்னர், சுமார் 80 செ.மீ. முதல் ஒரு மீட்டர் நீளத்தை எட்டும் காலத்தில் பெண்ணாக மாறுகிறது. இயற்கையின் இவ்வேற்பாட்டினால் விளைவது யாது? கழியில் உள்ள பெரிய கொடுவா ஏறக்குறைய எல்லாமே தாய்மீன்கள். ஒரு பருவத்தில் ஒரு தாய் பல லட்சம் முட்டைகள் இடும். மிகப் பெரியது கோடி அளவையும் எட்டும். அத்தகைய மீனைத் தோளில் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுசெல்கிறவர், ஒரு மீனைக் கொன்றதாக நினைக்கிறார். வரும் மழைப்பருவத்தில் அக்கழிக்கு வரவேண்டிய பெருங்கூட்டத்தையே அவர் கொண்டுசெல்கிறார்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். கடலோர நீர்நிலைகளில் 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவையும் 120 செ.மீ.க்கு மிகுந்ததையும் பிடித்தவர் நீரிலேயே விட்டுவிட வேண்டும். சிறியது இன்னும் இனம் பெருக்காதது. பெரியது இனம் பெருக்கும் தாய். நம் முழக்கணக்கில் நான் கடைப்பிடிக்கும் விதி இதனினும் கடுமையானது. ஒன்றேகால் முழத்துக்குக் குறைந்ததை எடுப்பதில்லை. இரண்டு முழத்துக்கு மேற்பட்டதை எடுப்பதில்லை. இடைப்பட்டதிலும் ஒரு நாளைக்கு ஒன்றே. குழம்புக்கு அதுவே மிகுதி. சுவையிலும் நடுத்தர மீனே சிறந்தது என்பதைச் சமைக்கத் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

விடுவதற்கும் முறை உண்டு. முள்ளின் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கி வைத்தால் எளிதில் கழற்றலாம். கையை நனைத்த பின்னரே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேல் உள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும், பின்பு நோய் தொற்றும். பெரிய மீனைத் தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடக் கூடாது; வயிற்றின் கீழ் மற்றொரு கை கொடுத்துத் தாங்க வேண்டும். விடும்போது ஓட்டத்துக்கு எதிர்முகமாக நீரில் பிடித்திருந்தால், செவுளில் நீர் பாய்ந்து தெளிவு பெற்று, தானே வாலை அடித்துச் சென்றுவிடும்.

செயற்கை முறையில் கொடுவாக் குஞ்சு பொரிப்பதை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தது. அதனால் பண்ணைகளில் இம்மீன் பெருகி வருகிறது. பண்ணை மீன் சந்தையின் தேவையைத் தீர்க்கும். கழியின் தாய்மீனுக்கு ஈடாகாது. கழி வாழ்ந்தால்தான் அதை நம்பியவர் வாழ்வர்.

கழிக்கு உரியவர்கள்

ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் கலந்து, சேறு மேடிட்டு, தாணே கழியின் மீன்வளம் குறைந்துவிட்டது என்பது இங்குள்ள கோலி மீனவர்களின் நீண்டகால முறையீடு. அலையாத்திக் காடுகளை அழிப்பதை மும்பை உயர்நீதிமன்றம் 2005-இல் தடுத்தது. 2018-இல் அத்தடையை உறுதிப்படுத்தியது. கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயம் ஆயிற்று. 2022-இல் ராம்சார் நிலமாக உலக அளவில் ஏற்கப்பட்டது. ஆகவே சரணாலய எல்லைக்கு அருகே செல்பவர் வனத்துறையின் விதிகளை முன்னரே கேட்டறிந்து செல்ல வேண்டும். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் எறிந்துவிட்டு வருவது பெருங்குற்றம். அது மக்குவதில்லை, பூநாரையின் காலிலும் கொக்கின் அலகிலும் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும்.

மீனவர் முளையடித்து வலை கட்டியுள்ள இடத்தில் நாம் தூண்டில் வீசுதல் தகாது. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்க்கு அது அடுப்பெரிக்கும் தொழில். மேலும் இனம் பெருகும் மழைக்காலத்தில் கோலி மக்கள் படகைக் கரையேற்றி ஓய்ந்திருந்து, ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் அளித்த பின்னரே மீண்டும் தொழிலுக்கு இறங்குவது வழிவழி வந்த மரபு. வயிற்றுக்காகப் பிடிப்பவரே அத்தனை மாதம் பொறுத்திருக்கும்போது, இன்பத்துக்காகப் பிடிப்பவர் பொறுக்கக் கூடாதா? அம்மாதங்களில் கோலுக்கு எண்ணெய் இட்டு, முள்ளைத் தீட்டி, ரப்பர் மீன்களை வகைப்படுத்தி வைத்துக்கொள்ளலாம்.

ஹூக்ளிக் கரையில் வாழும் நேயர் ஆயினும், கோதாவரி முகத்தில் வாழ்பவர் ஆயினும், கொச்சிக் காயலின் ஓரத்தில் வாழ்பவர் ஆயினும், தூண்டிலைக் கையில் எடுக்குமுன் அவ்வூர் மீனவர் ஒருவரை அணுகி, நீர் எப்போது திரும்பும், எந்த முனையில் சிறுமீன் இறங்கும் என்று கேளுங்கள். மொழி தடையானால் மீனின் பெயரை மட்டும் அவர் மொழியில் சொல்லுங்கள். பேச்சு தானே வளரும். நான் மராட்டி பேசக் கற்றதும் அவ்வாறே. அவர் சொல்லும் நேரத்தில், அவர் காட்டும் இடத்தில், ஒரே ஒரு ரப்பர் மீனை மெல்ல இறக்கிப் பாருங்கள். இரண்டு முழத்துக்கு மேற்பட்ட கொடுவா வந்து தைத்தால், கண்ணாரக் கண்டு மகிழ்ந்து, கையை நனைத்து, அதை நீரில் விட்டுவிடுங்கள்.